தடைக்காலத்து இ.சி.ஜி.

என் அக்கா பூவம்மாவின் புருஷன் தாமோதரன் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. வயது நாற்பத்து நாலு. கடலில் பத்து நாள், கரையில் மூன்று நாள் என்று இருபத்தைந்து வருஷமாக ஓடியவர். சும்மா உட்காரச் சொன்னால் மட்டும் அவருக்கு உடம்பு வலிக்கும். அவருடைய அப்பாவும் அண்ணனும் நாற்பதைத் தாண்டும் முன்பே படகிலேயே சுருண்டு விழுந்து செத்தவர்கள். கடலம்மா கூப்பிட்டுக்கொண்டாள் என்று எங்கள் சனம் சொல்லிவிட்டது. எனக்கு அப்போதே எரிச்சல்தான்.

ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடை தொடங்கியது. மே மாதம் மாமாவுக்குத் தலை சுற்றியது. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இதயத் தசை தடித்திருக்கிறது, பரம்பரை வியாதி என்றார்கள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இந்த மாதிரி இதயத்தில் மின்துடிப்பு திடீரென்று தறிகெட்டு ஓடினால் ஆள் நின்ற இடத்திலேயே போய்விடுவார். யாருக்கு அந்த ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே கணிக்க, ஒரு முழு நாள் துடிப்பைப் பதிய வேண்டும். ஆபத்து தெரிந்தால் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்துக் காப்பாற்றலாம். வழக்கமான வேலையைச் செய்யுங்கள், எந்த மணிக்கு என்ன செய்தீர்கள் என்று இந்தத் தாளில் எழுதி வாருங்கள் என்று சொல்லி, மார்பில் ஒயர்களை ஒட்டி அனுப்பினார்.

தடைக்காலத்தில் ஏது வேலை? மாமா காலையில் கேரம் ஆடினார், மத்தியானம் தூங்கினார், சாயங்காலம் மறுபடி கேரம். தாளை நிரப்புவது என் பொறுப்பு. திருவொற்றியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் குடும்பத்தில் நான்தான் படிச்சவன். நாள் முழுக்கக் கேரம் என்று எழுத மாமாவுக்கு வெட்கம். "சோம்பேறின்னு நெனச்சுக்குவாங்கடா. நம்ம வேல இன்னாவோ அத்த எழுது," என்றார். நானும் வலை இழுத்தல், ஐஸ் சுமத்தல் என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. கருவி இப்போதைக்குத் தேவையில்லை, மாத்திரை போதும் என்றார்கள். ஜூன் பாதியில் தடை முடிந்ததும் மாமா முதல் படகிலேயே கிளம்பிவிட்டார்.

எட்டாம் நாள் அவருக்கு மாத்திரை வாங்க அக்காவும் நானும் போனோம். டாக்டரம்மா அந்தத் தாளைப் புரட்டிக்கொண்டே, இவ்வளவு பாரம் இழுத்தும் துடிப்பு பிசகவில்லை, அதுதான் எனக்குத் தைரியம் என்றார். அக்காவுக்குப் பொய் வராது.

"அன்னிக்கு எங்கம்மா வலை இழுத்தாரு? தடையாச்சே. கேரம் ஆடிகினு இருந்தாரு."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஓய்வில் பதிந்ததை உழைப்பில் பதிந்ததாக நம்பிவிட்டேன், இனி இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மறுபடி பதியும்வரை அவர் பாரம் இழுக்கவே கூடாது என்றார். ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம், ஆனால் தெரியாது என்றார். வெறும் கேரம் என்று எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஆட்டோ பிடித்துப் படகு ஓனர் ராமதாஸிடம் ஓடினோம். அவரிடம் வயர்லெஸ் இருந்தது. ஆனால் மாமாவின் படகு அதற்கு எட்டாத தூரத்தில் நின்றது. நடுவில் இருந்த இன்னொரு படகுக்காரர்தான் விசாரித்துச் சொன்னார்.

"வலை வாங்கிகினு கீறாங்கண்ணே. மீனு செம கனமாம், மெசின் மக்கர் பண்ணுதாம், எல்லாரும் கையாலயே இழுக்கறாங்க. முடிச்சுட்டு பேசறேன்றாரு தாமோதரன்."

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓனருக்கு எதிரில் போய் நின்று, "வலைய அறுத்து வுடச் சொல்லுங்க," என்றாள்.

மீன்பிடிக்கிற வீட்டுப் பெண் ஒருத்தி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ராமதாஸ் மைக்கை எடுத்து, நடுவில் இருந்த அந்தப் படகுக்காரரிடம் அதையே சொன்னார். வலையை அறுத்து விடு, வலையை அறுத்து விடு என்று நாலைந்து தடவை சொன்னார். அந்தப் பக்கமிருந்து வெறும் இரைச்சல்தான் வந்தது.