போனை மெஷின் பக்கத்தில் வைங்க

வாஷிங் மெஷினின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வதில் ஷெர்வினை மிஞ்ச ஆள் இல்லை. அவனைப் போல ஒரு மக்கையும் நான் பார்த்ததில்லை. விவேக் நகரில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில்தான் அவன் ரிப்பேர் கடை. நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்புவரை, ஊரின் மறுகோடி வைட்ஃபீல்டில் ஒரு மெஷின் நின்றுபோனால் பைக்கில் ஒன்றரை மணி நேரம் டிராஃபிக்கில் வெந்துகொண்டே போவான். போய்ப் பார்த்தால் பாதி வீடுகளில் குழாயையே திறந்திருக்க மாட்டார்கள். வந்ததற்கு முந்நூற்றைம்பது ரூபாய் வாங்க அவனுக்கே கூச்சமாக இருக்கும். ஒருநாள் வழி கண்டுபிடித்தான். "போனை மெஷின் பக்கத்துல வைங்க, கேட்டுச் சொல்றேன்." வீட்டுக்காரர்களே சரிசெய்ய முடிகிற கோளாறு என்றால் போனிலேயே சொல்லிக்கொடுப்பான், ஐம்பது ரூபாய். முடியாது என்றால் சரியான பாகத்தோடு ஒரே நடை. அவர்களுக்கு லீவும் மிச்சம், பணமும் மிச்சம். வீடியோ கூடாது என்பது அவனே போட்ட சட்டம். தனியாக இருக்கும் பெண்கள் சங்கடப்படக் கூடாதாம்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். தாரணி என்று ஒரு வாடிக்கையாளர். திருப்பத்தூரிலிருந்து ஐடி வேலைக்கு வந்து வைட்ஃபீல்டில் தனியாக இருப்பவர், முப்பத்தாறு வயது. நேரில் போன காலத்தில் அந்த வீட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறான். மூன்றாவது முறை மெஷினை ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் இல்லை. டேங்கர் வரும்வரை இருவரும் பால்கனியில் நின்று ஒரு மணி நேரம் பேசினார்களாம். "சாப்டீங்களா?" என்று கேட்டு எலுமிச்சை சாதம் வைத்தாராம். அந்தச் சாதத்தைப் பற்றி என்னிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பான்.

புது ஏற்பாட்டை முதலில் புகழ்ந்தது தாரணிதான். அவர் தன் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் எழுதியதும் அழைப்புகள் குவிந்தன. சந்தோஷப்பட வேண்டியவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏனென்றால் அவர் எல்லாவற்றையும் போனிலேயே கற்றுக்கொண்டுவிட்டார். ஃபில்டரைக் கழுவினார், பெல்ட்டைக் கூரியரில் வரவழைத்துத் தானே மாட்டினார். அதன் பிறகு எட்டு மாதம் போனே வரவில்லை. ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் ஆசையாகப் பெயரைப் பார்ப்பான். வேறு யாரோ என்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டு "சொல்லுங்க சார்" என்பான்.

"நீயே பேசேண்டா" என்றால், "ரிப்பேர் இல்லாம எப்டிண்ணா?" என்பான்.

போன வியாழக்கிழமை தெரு முழுக்கக் கோவில் கூட்டம். அந்த இரைச்சலுக்குத் தப்பி, போனோடு என் கடையின் கண்ணாடிக் கதவுக்குள் ஓடிவந்தான். தாரணிதான். ஸ்பீக்கரில் போட்டான்.

"மெஷின்ல ஏதோ சத்தம் வருது. கொஞ்சம் கேளுங்களேன்."

அவனுக்குப் பத்து விநாடி போதும். அன்று கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் கேட்டான். ஜெராக்ஸ் மெஷினைத் தவிர எதுவும் அறியாத எனக்கே தெரிந்தது, அது ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்குங்க. ஒரு குறையும் இல்ல."

"நல்லாக் கேட்டீங்களா?"

"கேட்டேங்க."

"சரி, வச்சிடறேன்."

வைத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "ஏண்டா, நல்லா ஓடற மெஷினுக்கு யாராவது மெக்கானிக்குக்கு போன் போடுவாங்களா? இதுகூடவா புரியல?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. முதல்முறையாக அவனே அந்த எண்ணை அழைத்தான்.

"மேடம், ஷெர்வின் பேசறேன். மெஷின்ல ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்... உங்களப் பாக்காம இருக்க முடியல."

மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அவர் அணைத்திருக்க வேண்டும்.

"இப்பச் சொல்லுங்க" என்றார் தாரணி. "சத்தத்துல சரியாக் கேக்கல."