அறுபதும் பதினொன்றும்

என் வயது உங்களுக்கு எதற்கு? எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறீர்களா? படத்தில் கழுத்தில் மெடலோடு நிற்கிற கிழவி யார் என்று கேட்டீர்கள். நான்தான் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். உடனே "எத்தினி வயசு?" என்று அடுத்த கேள்வி. மரக்காணத்தில் ஆரம்பித்து பிரான்சு வரைக்கும் என்னை விடாமல் துரத்துகிற கேள்வி இது ஒன்றுதான். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். தமிழில் என்பதால் சொல்கிறேன். பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன், ஒருத்தரும் நம்பவில்லை.

நான் இருக்கும் ஊர் பாரிசுக்கு வடக்கே. என் மருமகன் புதுச்சேரி பிரெஞ்சுக் குடும்பம். ஆறு வருஷத்துக்கு முன்னால் மகள் செல்வி என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள். இங்கே மருந்துக்கடைக்குப் போனாலும் பல் டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது பிறந்த தேதி. பெயரெல்லாம் அப்புறம். எங்கள் தெருவில் என்றால் யார் வீட்டுப் பெண், யாருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று கேட்டு ஆளை அடையாளம் பிடிப்பார்கள். இங்கே தேதியைச் சொன்னால் போதும், கம்ப்யூட்டரில் நான் வந்துவிடுகிறேன். ஆனால் ஒன்று, தேதியைக் கேட்கலாம், வயதைக் கேட்கக் கூடாதாம். லிப்டில் வந்த அம்மாளிடம் ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவள் இறங்குகிற வரை கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் தேதி ஜூன் ஒன்று. வருஷா வருஷம் செல்வி கேக் வாங்கி மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். அந்தத் தேதியில் பிறந்தவள் யாரோ, கேக்கைத் தின்கிறவள் நான். பதினேழு வயதில் கல்யாணமாகி மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருவுக்கு வந்தேன். வந்த மாதமே ஓட்டர் லிஸ்ட் எழுத ஒரு கட்சிக்காரர் வந்தார். அப்போது ஓட்டுப் போட இருபத்தொரு வயது ஆக வேண்டும். "இருபத்தொண்ணுன்னு போட்டுக்கறேன் தங்கச்சி. நாலு வயசுல நீ ஒண்ணும் தேஞ்சிட மாட்ட," என்றார். அந்த லிஸ்டைப் பார்த்து ரேஷன் கார்டு, ரேஷன் கார்டைப் பார்த்து ஆதார், ஆதாரைப் பார்த்து பாஸ்போர்ட், பாஸ்போர்ட்டைப் பார்த்து இந்த நாட்டுக் கார்டு. தேதி கேட்ட இடத்தில் எவரோ ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார், பள்ளிக்கூடம் திறக்கிற நாளாம். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்று வருஷம்தான் பழக்கம். என் அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். அவனிடம் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது, அவனுக்கு எழுபது. கார்டுப்படி எனக்கு எழுபத்தொன்று. காகிதத்தில் அவன் என்னை அக்கா என்று கூப்பிட வேண்டும்.

முட்டி வலிக்கு டாக்டர் என்னை பிசீனுக்குப் போகச் சொன்னார். பிசீன் என்றால் நீச்சல் குளம். ஊரில் உப்பு வார நாங்கள் கால்வாயைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலம் சுற்றுவழி. அதனால் மல்லாக்கப் படுத்து, சோற்றுத் தூக்கை வயிற்றின்மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காலை உதைத்தே அக்கரைக்குப் போய்விடுவேன். உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்கும். பிசீன் தண்ணீருக்கு அந்த மரியாதை தெரியாது, முதல் நாள் இடுப்பு வரை இழுத்துவிட்டது. அப்படியும் மல்லாக்கக் கிடந்து மறுகரை போனேன். பழக்கம் விடுமா, இடது கை வயிற்றின்மேல் இல்லாத தூக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தது. கரையில் நின்ற ஒரு பிரெஞ்சுக்காரி அதைப் பார்த்துவிட்டு எனக்கு வயிற்று வலி என்று நினைத்தாள். ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து, சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்தாள். கஷாயம் மாதிரி இருந்தது. இலவசம் என்பதால் குடித்தேன். ழோசியான் எனக்குச் சினேகிதி ஆனது அப்படித்தான்.

அவள் ஒரு நீச்சல் கூட்டத்தின் தலைவி. வயதான பெண்களுக்கு ஓர் உலகப் போட்டி நடக்கிறது. அதில் நான்கு பெண்கள், நான்கு வகை நீச்சல். ஒருத்தி சுவரைத் தொட்டால்தான் அடுத்தவள் குதிக்கலாம். முதலில் மல்லாக்க, அடுத்தது தவளை மாதிரி, மூன்றாவது பப்பியோன், அதாவது வண்ணத்துப்பூச்சி, கடைசியில் அவரவர் இஷ்டம். தவளை ழோசியான். வண்ணத்துப்பூச்சி தனியேல், அறுபத்தாறு வயதில் சிறகடிக்கிறாள். கடைசியில் மிரெய். மல்லாக்கப் போகிறவள் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள். இந்தப் போட்டியில் ஒரு வேடிக்கை, நான்கு பேர் வயதையும் கூட்டித்தான் எந்த வரிசை என்று பிரிப்பார்கள். இருநூற்றெண்பதைத் தொட்டால் பெரிய கிழவிகளோடு போட்டி. ஒன்று குறைந்தாலும் சின்னக் கிழவிகளோடு, அவர்கள் மீன் மாதிரி போவார்கள். இவர்கள் மூன்று பேருக்கும் சேர்த்து இருநூற்றொன்பது. ழோசியான் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதிக் கூட்டினாள். பிறகு என் பிசீன் அட்டையில் தேதியைப் பார்த்தாள். சரியாக எழுபத்தொன்று. என்னைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். என் நீச்சலுக்கு ஒருநாளும் அப்படிக் கொடுத்ததில்லை.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான். ஏழு மாதம் பழகினேன். கையைச் சுழற்றக் கற்றுக் கொடுத்தார்கள். நான் சளி பிடித்துப் படுத்தபோது சூப்போடு மூன்று பேரும் வந்தார்கள். மிரெய் என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஆறு வருஷத்தில் செல்வி வீட்டைத் தவிர எனக்கென்று யாராவது வந்தது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் அந்த நாலு வயது தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. செல்வியிடம் சொன்னேன்.

"அவங்க கிட்ட நெசத்த சொல்லிடட்டுமாடி?"

"வாய மூடிக்கினு இரு அம்மா. கார்டுல இருக்கறது தான் உன் வயசு. தேதி பொய்னு தெரிஞ்சா கார்டே பொய்னுவான். அப்புறம் நான் இங்க, நீ அங்க."

"நாலு வயசு கொறஞ்சா உனக்கு எளசா ஒரு அம்மா கெடைப்பாளே."

"எனக்கு சிரிப்பு வரல."

எனக்கும் வரவில்லை. சொன்னால் மகளை விட்டுப் போக வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் சூப் கொண்டுவந்த மூன்று பேரையும் திருட்டுக்குக் கூட்டாளி ஆக்குகிறேன், அதுவும் அவர்களுக்குத் தெரியாமல்.

போட்டி நடந்தது வேறு நாட்டில். ஒரு பகல் முழுக்க ரயில். காலையில் உடை மாற்றும் அறையில் நாங்கள் நான்கு பேர் மட்டும் இருந்தோம். இவர்களிடம் மட்டும் சொல்லிவிடலாம், கார்டு ஆபீசுக்குப் போய்ச் சொல்ல மாட்டார்கள் என்று தோன்றியது. ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். பிரெஞ்சுக்காரர்களுக்கு எழுபது என்று தனியாக ஒரு சொல் இல்லை. அறுபதோடு பத்து என்பார்கள். எழுபத்தொன்றுக்கு அறுபதும் பதினொன்றும், சுவாசாந்த் எ ஓன்ஸ். என் உண்மையான அறுபத்தேழு, சுவாசாந்த் செத். நான் நெஞ்சில் கை வைத்து, "முவா, சுவாசாந்த் செத்," என்றேன்.

ழோசியான் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "நோன், நோன். சுவாசாந்த் எ ஓன்ஸ்," என்று திருத்தினாள். எனக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டாள். நான் விடவில்லை. ஆறு விரல், பிறகு ஏழு விரல் காட்டி, மறுபடியும் நெஞ்சைத் தொட்டேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தனியேல் விழுந்து விழுந்து சிரித்தாள். "முவா, காரான்த்," என்றாள். அவளுக்கு நாற்பதாம். மிரெய் தனக்கு முப்பது என்றாள். இந்த ஊரில் பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வது வழக்கம். நானும் இவர்களில் ஒருத்தி ஆகிவிட்டேன் என்று அவர்களுக்குச் சந்தோஷம். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் நானும் சிரித்துவைத்தேன். பகடி பேசியே வாழ்ந்தவள் ஒரு நாள் நிஜம் பேசினால் இதுதான் கதி.

போட்டிக்குப் பெயர் பதிகிற மேஜையில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார். உப்பளத்து வெயில் என் முகத்தில் தாராளமாகவே எழுதி வைத்திருக்கிறது, நாலு வயது அதிகம் என்றால் யாரும் நம்புவார்கள். தண்ணீரில் இறங்கிக் கம்பியைப் பிடித்தேன். சத்தம் வந்ததும் உதைத்தேன். மேலே வானம் இல்லை, கூரை. வேண்டுமென்றே மெதுவாகப் போய்விடலாமா என்று பாதி தூரத்தில் ஒரு நினைப்பு வந்தது. நாங்கள் தோற்றுப் போனால் எந்தப் பொய்யும் யாரையும் கடிக்காது. ஆனால் கரையில் மூன்று பேரும் என் பெயரைக் கத்துகிறார்கள். அந்தப் பெயரை அவர்கள் வாயில் கேட்டால் எங்கள் ஊரில் ஒரு நாய்கூடத் திரும்பாது. எனக்குக் கால் தானாக உதைத்தது. கைக்கு முன்னால் தலை போய்ச் சுவரில் இடித்தது. அதுவும் தொட்ட கணக்குத்தானாம். என் தலைக்கு மேலே எழுபத்து நாலு வயது ழோசியான் பறந்து போனாள்.

மூன்றாவதாக வந்தோம். நான்காவதாக வந்தவர்கள் எங்களுக்கு ஒரு விரல் கடை பின்னால். மெடலைப் போட்டுக்கொண்டு இறங்கி வரும்போது அவர்களில் ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ரொம்பப் பெரியவள், காதில் மிஷின், கை நடுங்குகிறது. அவள் வயது கண்டிப்பாக அவள் வயதுதான். பேச மொழி இல்லை. மெடலைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். அவள் புரிந்துகொண்டதுபோல் தலையாட்டி, இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கொண்டை போடுவதற்காகக் கொடுத்தேன் என்று நினைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் ஈர முடியை அவிழ்த்து முடிந்தேன். மறுபடி அவிழ்த்தேன், மறுபடி முடிந்தேன். அவள் பொறுமையாக இருந்தாள். முடித்ததும் எழுந்து நின்று, நடுங்குகிற கையால் மெடலை என் கழுத்தில் திரும்பப் போட்டு, கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். மேடையில் போட்டதைவிட அது கனமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்ததும் மரக்காணத்துக்குப் போனேன். பாத்திகளில் தண்ணீர் இன்னும் வடியவில்லை, உப்பு வேலை தொடங்கவில்லை, அதனால் தெருவே வீட்டில் இருந்தது. பக்கத்து வீட்டு ஜைனபு வந்தாள். எதிர்வீட்டு வள்ளி வந்தாள். வள்ளியும் நானும் ஒரே வருஷம் அந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். மெடல் கைமாறிக் கைமாறிப் போனது. ஜைனபு அதைக் கடித்துப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குடி குடுத்தாங்க? நீந்தினதுக்கா?" என்றாள் வள்ளி.

"நீந்தினதுக்கு எவன் குடுப்பான். வயசுக்கு குடுத்தாங்க."

"எத்தினி வயசுக்கு?"

"எழுபத்தொண்ணுக்கு."

வள்ளி விரல் விட்டு எண்ணினாள். "எனக்கே அறுபத்தொம்போது தான். நீ எனக்கு ரெண்டு வயசு சின்னவ. உனக்கு மட்டும் எப்படிடி எழுபத்தொண்ணு?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அங்கே கார்டு கேட்க ஆளில்லை. அந்தக் கட்சிக்காரர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான் எழுதினார். சொன்னால் நம்புகிறவர்கள் உலகத்தில் இவர்கள் மட்டும்தான். ஆனால் அதைச் சொன்னால் பெஞ்சில் மெடல் இல்லாமல் உட்கார்ந்திருந்தவளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

"நான் அங்க இருந்தது ஆறு வருசம் தான் வள்ளி," என்றேன். "ஆனா உடம்புக்கு அது பத்தா ஆயிடுது. அங்க சீக்கிரம் வயசாவுது."