என் மகளுக்கு மாரியம்மன் திருப்பித் தந்த குரல்

போன தை மாதம் என் மகள் தமிழரசிக்குப் பேச்சு நின்றுபோனது. பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கழுத்துக் கட்டியை எடுத்த பிறகு காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. நரம்பு தேறினால் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். சித்திரையில் வாய்மொழித் தேர்வு. ஒப்பாரிப் பாடல்களைப் பற்றி அவள் எழுதிய ஆய்வை ஆசிரியர்கள் முன் பேசி விளக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

கோட்டையூரிலிருந்து என் நாத்தனார் பார்க்க வந்தார்.

“எழவு வீட்டுப் பாட்டை வீட்டுக்குள்ள வச்சுப் படிச்சா விளங்குமா? அதேன் வாயக் கட்டிருச்சு.”

மகளுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. நான் வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குள் போய் அழுதேன்.

மாரியம்மனை நினைத்து என்னை மௌன விரதம் இருக்கச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். நான் வாயை மூடினால் வீட்டில் யாருக்கு வித்தியாசம் தெரியும்? என்னால் முடியாததைத்தான் நேர்ந்துகொண்டேன். “தாயே, அவளுக்குக் குரலைக் கொடு. உன் திருவிழாவில் மைக் பிடித்து உன் பெருமையைச் சொல்கிறேன்.” நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பங்குனியில் நாத்தனார் ஒரு சம்பந்தத்தோடு வந்தார். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். வயது நாற்பது.

“பேசாட்டிப் பரவாயில்லேங்கறாக. இதுக்கு மேல யாரு வருவாக?”

மகள் ‘வேண்டாம்’ என்று எழுதி நீட்டினாள். நாத்தனார் அதைப் பார்க்கவே இல்லை. நான் கண்ணை மூடி, “தாயே” என்றேன்.

“வேணாம், அத்தை.”

கரகரத்த குரல். ஆனால் குரல்! நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாத்தனார் எழுந்து செருப்பை மாட்டினார். “ரெண்டு மாசம் கழிச்சு வந்த குரலு, என்னைய எதுத்துப் பேசவா வந்துச்சு?”

அந்தக் குரலோடு தேர்வுக்குப் போனாள், தேறினாள். வானொலியில் பேச வேண்டும் என்பது அவள் ஆசை. இந்தக் கரகரப்போடு இனி அது நடக்காது. அந்த வருத்தம் எனக்கு அம்மனிடம் இன்னும் உண்டு. அதையும் அந்தத் தாயிடமே சொல்லி அழுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

வைகாசித் திருவிழாவில் மைக் முன் நின்றேன். முன்வரிசையில் நாத்தனார் இருந்தார். அவர் சொன்னதையும் அம்மன் செய்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நானும் கூப்பிடவில்லை.

சொந்தபந்தம் கைவிட்டு, வாய் திறக்கவும் பயந்து நிற்கிற தாய்மாரே, அம்மனிடம் போங்கள். உங்களால் எது முடியாதோ அதையே நேர்ந்துகொள்ளுங்கள். அவள் உங்கள் பிள்ளையையும் பார்ப்பாள், உங்களையும் பார்ப்பாள்.