சுண்ணாம்பு கேட்டவள்

கம்பைநல்லூர்ப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் வெண்மதி, பொங்கல் விழாவுக்கு ஆண்டுதோறும் பக்கத்து அங்கன்வாடித் தோழிகள் மூன்று பேரோடு நாடகம் போடுவாள். இந்தமுறை எடுத்துக்கொண்டது எல்லாருக்கும் தெரிந்த பேய்க்கதை. இருட்டில் மாட்டுவண்டியை மறித்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிறாள் ஒரு பெண். கையால் கொடுத்தால் பிடித்துக்கொள்வாள். வண்டிக்காரனோ கத்தி முனையில் வைத்து நீட்டித் தப்பிவிடுகிறான்.

விழா நெருங்கும்போது தோழிகளை வாக்காளர் பட்டியல் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். "நீ ஒருத்தியே எல்லா வேஷமும் கட்டிடு," என்று சிரித்துவிட்டுப் போனார்கள். வெண்மதி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

தலையில் துண்டைச் சுற்றியதும் வண்டிக்காரன் வந்துவிட்டான். பேய்தான் வரவில்லை. கூந்தலை அவிழ்த்துப் போட்டு அலறிப் பார்த்தாள். ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்த கணவன் நவநீதன், "பேய் மாதிரிதான் இருக்குது. ஆனா அது யாருன்னு தெரியலயே," என்றான்.

அந்தச் சொல் அவளைக் குடைந்தது. கதையில் அந்தப் பெண்ணுக்குப் பேர்கூடக் கிடையாது. பிள்ளைப்பேற்றில் செத்தவள், அவ்வளவுதான். வெண்மதியின் அக்கா பூவிழியும் அப்படித்தான் போனாள். அரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், ஒரு புளியமரத்து வளைவில், டெம்போவிலேயே மூச்சு நின்றது. பிறகு அவள் அங்கே நிற்கிறாள் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. அம்மா தீர்த்தம்மாள் அன்றோடு மகள் பேரைச் சொல்வதையே விட்டுவிட்டாள்.

வெண்மதி அலறலை எடுத்துவிட்டாள். வண்டிக்காகக் காத்திருந்ததையும், வயிற்றுப் பிள்ளை உதைத்ததையும், நா வறண்டதையும் பேயே சொல்லும்படி வசனம் எழுதினாள். எழுதியதை மறைக்காமல் அம்மாவிடம் சொன்னாள்.

"உனக்கு மனசு சங்கடமா இருந்தா வேணாம்மா."

"போட்டுக்கோ. நான் வரல," என்றாள் தீர்த்தம்மாள்.

ஆனால் வந்திருந்தாள். பள்ளி மைதானத்தில் பொழுது சாயும் நேரம். வண்டிக்காரனின் வீறாப்புக்குக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு வெண்மதி துண்டை அவிழ்த்தாள், குரலைத் தணித்தாள். "அண்ணா, கொஞ்சம் சுண்ணாம்பு குடுங்கண்ணா. ரொம்ப நேரமா நிக்கறேன்."

மறுபடி துண்டைக் கட்டப் போனபோது கடைசி வரிசையில் தீர்த்தம்மாள் எழுந்தாள். நேரே மேடைக்கு வந்து, இடுப்பிலிருந்த சுருக்குப்பையைப் பிரித்து, விரலால் சுண்ணாம்பை எடுத்து மகளின் உள்ளங்கையில் தடவினாள்.

"இந்தா பாப்பா. கையிலயே வாங்கிக்கோ. உன்னைப் பார்த்து எனக்கென்ன பயம்?"

அம்மா யாரிடம் பேசினாள் என்று வெண்மதிக்கு விளங்கவில்லை. அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். அதுவும் நாடகம்தான் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். வண்டிக்காரன் தப்பிக்கும் காட்சியை அவள் நடிக்கவே இல்லை.

மறுநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே தீர்த்தம்மாள் சொன்னாள்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துது. ஆனா பூவிழி அப்படி இழுத்து இழுத்துப் பேசமாட்டா. வாயாடி. வலி எடுத்தப்பக்கூட டிரைவரைத் திட்டிக்கினேதான் வந்தா."

வெண்மதி அதையும் வசனத்தில் சேர்த்துக்கொண்டாள். அடுத்த மாதம் நல்லம்பள்ளியில் நடித்தபோது, சுண்ணாம்பு கேட்டு வந்த பேய் வண்டிக்காரனை, "மாட்டை ஓட்டறியா, தாலாட்டறியா?" என்று கேட்டது. கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் தீர்த்தம்மாளும் சிரித்தாள்.