முப்பத்தொரு பெருவிரல்கள்

தங்கள் மடத்தனத்துக்கு எழுத்தில் சாட்சி வைத்திருப்பவர்கள் குறைவு. என்னுடையதற்கு ஏதோவோர் அரசாங்கக் கோப்பில் முப்பத்தொரு ரேகைகள் இருக்கின்றன. அப்போது எனக்கு ஒன்பது வயது. மூளைக்கு அதைவிடக் குறைவு.

மாமா யாழ்ப்பாணத்தில், எங்கள் சோனகத் தெருவில் பழைய இரும்பு வியாபாரி. சைக்கிளில் சுன்னாகம், உரும்பிராய் என்று சுற்றி, தோட்டக்காரர் கழித்துவிட்ட சாமான்களை வாங்கி வருவார். எண்பத்துநாலில் ஒருநாள் ஆமிக்காரர் வழியில் மறித்துச் சாக்கைக் கொட்டினார்கள். தண்ணீர்ப் பம்பின் வயரும் ஓடாத மணிக்கூடும் விழுந்தன. அவர்கள் கணக்கில் அது குண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மாமாவைத் தெற்கே முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வழக்கே போடாமல் பதினெட்டு மாதம் வைத்திருக்கலாமாம். மாமி கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர், மாமாவை விடச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதிய பெட்டிசத்தைப் பள்ளிவாசலில் வாசித்தார்.

“கையெழுத்து வைச்சா, அடுத்த லிஸ்ட் நாங்கள்தான்” என்றார் ஒருவர்.

“வைக்காட்டி மட்டும் விட்டிடுவாங்களோ?” என்றார் கிளாக்கர்.

சிலர் வைத்தார்கள். பலர் செருப்புத் தேடுவதில் மும்முரமானார்கள். அதனால் பெண்களின் கைநாட்டும் வேண்டுமென்று, பெயர்களை எழுதித் தாளையும் மைப்பெட்டியையும் என்னிடம் தந்தார் கிளாக்கர். திரையை விலக்கிக்கொண்டு பெண்கள் இருக்கும் உள்வீடு வரை போக என் வயதுக்குத்தான் அனுமதி.

முதல் வீட்டில், “நாளைக்கு வா மகன்.” அடுத்த வீட்டில், “என்ரை மனுசனையும் பிடிச்சுக் குடுக்கவோ? ஓடு!” மூன்றாவது வீட்டில் தின்னத் தொதல் துண்டு தந்தார்கள், விரல் தரவில்லை.

கையில் மை ஒட்டும் என்று பயப்படுகிறார்கள் என முடிவு செய்தேன். மாமா வரவேண்டுமே! பள்ளிவாசலுக்குப் பின்னால் குந்தியிருந்து முப்பத்தொரு பெயருக்கும் நானே குத்தினேன். சந்தேகம் வராதிருக்க வலது பெருவிரல் ஒன்று, இடது பெருவிரல் ஒன்று. பருத்த பெண்களுக்குக் கொஞ்சம் அழுத்தி.

தாளைப் பார்த்துக் கிளாக்கர் கண் கலங்கினார். “எங்கடை பொம்பிளையளுக்கு உள்ள துணிவு ஆம்பிளையளுக்கு இல்லை.” நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெட்டிசம் போனது. பதினெட்டு மாதமும் முடிந்த பிறகுதான் மாமா வந்தார். முன்பற்கள் நான்கு இல்லை. யாராவது கேற்றைத் தட்டினால் எழுந்து நிற்பார். கைக்குழந்தையாய் விட்டுப்போன மகள் அவரைக் கண்டு மாமிக்குப் பின்னால் ஒளிந்தாள்.

அவரைச் சிரிக்க வைப்பது என் பொறுப்பு என்று நினைத்தேன். அந்தப் பெண்கள் பயந்தது மைக்கு அல்ல என்பதும், பெட்டிசத்தை அரசாங்கம் விடுதலை செய்வதற்காக மட்டும் வாசிப்பதில்லை என்பதும் அப்போதும் எனக்கு விளங்கவில்லை. கைநாட்டுக் கதையை நடித்தே காட்டினேன், பருத்த பெண்கள் உட்பட.

மாமா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உந்த விரல் ஆருடையதெண்டு கேட்டுத்தான் பல்லை உடைச்சவங்கள்.”