டப்பியின் மேல் எழுதிய பெயர்

காலையில் வேலைக்கு உட்கார்ந்தால் மதியம் வரை நான் பேசுவது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். எல்லாம் இந்தியில். கையை நீட்டுங்கள், விரலை மடக்குங்கள், ஆயிற்று, பஞ்சை அழுத்திப் பிடியுங்கள், அடுத்தவர் வாருங்கள். இதை ஒரு கிளிக்குச் சொல்லிக் கொடுத்தால் அதுவும் சொல்லும், சம்பளமும் கேட்காது.

போபோடிப் பக்கம் ஒரு சிறிய ஆரோக்கிய மையத்தில் நான் நர்ஸ். ரத்தம், சிறுநீர், சளி எல்லாம் வாங்கி, பெயர் எழுதி, லேபுக்கு அனுப்புவது என் பொறுப்பு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். விஷ்ராந்த்வாடியில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளுக்காகக் குக்கர் வைக்க மனம் வராது, பிரெட்டோடு முடித்துக்கொள்வேன். சில ஞாயிறுகளில் மாலை பால் வாங்கப் போகும்போதுதான், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது தெரியும்.

அப்படியிருந்த எனக்கு ஒரு வீடு கிடைத்தது. சர்க்கரை பார்க்க வந்த ஒரு அம்மாளுக்கு நரம்பு பிடிபடவில்லை. "எங்க ஓடுற, நில்லு" என்று என்னையறியாமல் நரம்பைத் திட்டினேன்.

"இன்னாது, தமிழா நீ?" என்றார் அவர். ஊசி வலியெல்லாம் மறந்துபோய் என் முகத்தையே பார்த்தார். மாமனார் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்து ஆலைக்கு வந்த குடும்பம். கணவரும் அங்கேயே வேலை பார்த்து இறந்துவிட்டார். இப்போது அவரும் மகளும் மட்டும், மையத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி. "நாயித்துக்கெழம வூட்டுக்கு வா தங்கச்சி. ஒண்டியா இன்னாத்த துன்னுவ?" என்றார்.

போனேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனேன். மீன் குழம்பு வைத்தால் வால் துண்டு எனக்கென்று தனியே இருக்கும். அவருடைய மகளுக்கு இருபத்து மூன்று வயது, ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். என்னை 'ஆன்ட்டி' என்பாள். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் எனக்கு அக்கா, நான் அவருக்குத் தங்கச்சி. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு பஸ் மாறிப் போவேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

இரண்டு வருடம் கழித்து அக்கா ஒருநாள் மையத்துக்கு வந்து, மூன்று வாரமாக இருமல் என்றார். டாக்டர் சளிப் பரிசோதனை எழுதினார். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் சாம்பிளை நோயாளி என் கண் முன்னால், வெளியே மதிலோரம் நின்று, ஆழமாக இருமித் துப்ப வேண்டும். இரண்டாவதை மறுநாள் காலை, பல் விளக்கும் முன் வீட்டில் எடுத்துக் கொண்டுவர வேண்டும். பெயரை மூடியில் எழுதக் கூடாது, மூடி மாறிப்போகும். டப்பியின் உடம்பில் எழுத வேண்டும்.

அக்கா மதிலோரம் நின்று இருமிப் பார்த்தார். வந்தது வெறும் எச்சில். அது உதவாது என்றேன். "வர மாட்டேங்குது தங்கச்சி. கூச்சமா கீது. ரெண்டையும் வூட்லேர்ந்தே கொண்டாந்துடறேனே" என்றார்.

வேறு யாராவது இருந்தால் நிற்க வைத்து, தண்ணீர் கொடுத்து, விடாமல் இரும வைத்திருப்பேன். அந்தக் கண்டிப்புக்கு நான் பேர் போனவள். ஆனால் அக்காவிடம் மனம் வரவில்லை. இரண்டு டப்பியிலும் அவர் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் இரண்டும் வந்தன. கெட்டியான மஞ்சள் சளி, லேபில் எல்லாரும் விரும்புகிற மாதிரி சாம்பிள். காசநோய் என்று முடிவு வந்தது.

அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். அக்காவோ பதறவே இல்லை. எடை பார்த்து, அதற்கேற்ப தினம் ஐந்து மாத்திரை என்று கொடுத்தோம். வெறும் வயிற்றில் போடுங்கள், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். தலையாட்டினார். வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்றேன். "அவளுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா கீறா" என்றார். அந்த ஞாயிறு சாப்பாட்டின்போது மறுபடி கேட்டேன். தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுந்தது. கேள்வி அதோடு போயிற்று.

அடுத்த ஞாயிறு அக்கா கொத்தமல்லி வாங்கக் கீழே இறங்கினார். மகள் என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டாள். மெலிந்து, முகம் வெளுத்திருந்தாள்.

"ஆன்ட்டி, ஏக் பாத் பூச்னா ஹை, ஒண்ணு கேக்கணும். அம்மாகிட்ட சொல்லாதீங்க. எனக்கு... யூரின் ஆரஞ்ச் கலர் வருது. பத்து நாளா. வாமிட் மாதிரி வருது. எனக்குப் பெரிய பீமாரி, வியாதியா?"

"என்ன மாத்திரை சாப்பிடுற?"

"அம்மா தராங்க. ரத்தம் ஊறுற மாத்திரை. அஞ்சு."

அது நான் அக்காவுக்குக் கொடுத்த மாத்திரை. ஒரு காலையில் அம்மா டப்பியை நீட்டி, 'கம்பெனிக்கு டெஸ்ட் வேணுமாம், இதுல துப்பு' என்றதை அவளே சொன்னாள். அவளுக்கு அப்போதுதான் கல்யாண ரிஷ்தா முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு சென்னை. பெண்ணின் பெயர் காசநோய்ப் பதிவேட்டில் ஏறக் கூடாது என்று, அம்மா தன் பெயரில் பெண்ணின் சளியைக் கொடுத்திருக்கிறார். அம்மாவின் எடைக்கான ஐந்து மாத்திரை நாற்பது கிலோ பெண்ணின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு மூன்று போதும். மிச்சம் இரண்டும் கல்லீரலைத்தான் பதம் பார்க்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு நிமிடம் நான் வேறு கணக்குப் போட்டேன். பெயரை அப்படியே விட்டுவிட்டு, அக்காவைத் தனியே அழைத்து, மூன்று மாத்திரை கொடுங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? ஞாயிறும் இருக்கும், தங்கச்சியும் இருக்கும். ஆனால் அவள் கல்லீரலைப் பார்க்க அவள் ரத்தம் வேண்டும். அதை யார் பெயரில் எடுப்பது? தன் நோய் என்னவென்றே தெரியாமல் இந்தப் பெண் ஆறு மாதம் மாத்திரை விழுங்குவாளா? பாதியில் நிறுத்திவிட்டால்?

அவளிடம் சொன்னேன். காசநோய், முழுசாகக் குணமாகும், நாளைக் காலை பல் விளக்காமல் மையத்துக்கு வா என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்துவிட்டார். கையில் கொத்தமல்லிக் கட்டு.

"இன்னா சொன்ன அவகிட்ட?"

"அக்கா, டோஸ் தப்புக்கா. பிள்ளைக்கு ஈரல் கெட்டுப் போகும். அவ பேர்லதான் பதியணும். வெளியில ஒருத்தருக்கும் தெரியாது, நான் பாத்துக்கிறேன்."

"தெரியாதா? இந்தச் சந்துல சுவத்துக்கும் காது கீது. ஷாதிக்கு நாள் குறிச்சாச்சு. அவ நல்லாவணும்னுதானே நான் இத்தன பண்ணேன்? ஒரு பேரு, அத மாத்தி எழுதனா உன் கையி தேஞ்சா பூடும்?"

மகளிடம், காலையில் மறக்காமல் வா என்றேன்.

"என் வூட்ல சோறு போட்டேனே உனக்கு" என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் சாம்பிளை என் கண் முன்னால் வாங்காதது என் தவறு என்றும் சொன்னேன். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அன்று மகள் தனியாக வந்தாள். டப்பியின் உடம்பில் அவள் பெயரை எழுதி, படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டேன். ம் என்றாள். மதிலோரம் நின்று இருமினாள். சாம்பிள் நன்றாக வந்தது. ரத்தத்தில் ஈரல் லேசாகத்தான் பாதித்திருந்தது. இரண்டு வாரம் பிந்தியிருந்தால் என்று நினைக்கவே பயம். மாத்திரை மூன்றாயிற்று.

கூட இருப்பவர் என்ற முறையில் அக்காவும் பரிசோதனைக்கு வந்தார். என் மேசைக்கு முன் நின்று, "சிஸ்டர், டப்பா தீஜியே" என்று டப்பி கேட்டார். இந்தியில். பக்கத்தில் நின்ற மராட்டிக்காரம்மாளிடம் பேசுகிற அதே குரல். நானும் இந்தியிலேயே, ஆழமாக மூச்சிழுத்து இருமுங்கள் என்றேன். அவருக்கு நோய் இல்லை என்று வந்தது.

சென்னைச் சம்பந்தம் இரண்டு மாதத்தில் முறிந்தது. என் வாயிலிருந்து ஒரு சொல் போகவில்லை. ஆனால் அதை நான் யாரிடம் போய்ச் சத்தியம் செய்வது? அக்காவின் வீட்டுப் படி எனக்கு இல்லை. ஞாயிறுகளில் மறுபடி பிரெட். ஒரு தடவை மீன் வாங்கி வந்து நானே குழம்பு வைத்தேன். சுமாராகத்தான் இருந்தது. மூன்று நாள் அதையே சூடு பண்ணிச் சாப்பிட்டேன்.

ஆறு மாதம் முடிந்து கடைசிப் பரிசோதனைக்கு மகள் வந்தாள். கன்னம் தேறியிருந்தது. மதிலோரம் நின்று எவ்வளவோ முயன்றும் சளி வரவில்லை. "இருமலே வரல ஆன்ட்டி" என்று சிரித்தாள். அரை மணி நேரம் படாதபாடு பட்டு ஒரு துளி வாங்கினோம். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "டீக் ஹை" என்றாள், செருப்பைப் பார்த்தபடி.

மறுநாள் முடிவு வந்தது. கிருமி இல்லை. மாலை வரை எப்படியோ காத்திருந்து, அவள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று தோன்றியதும் போன் செய்தேன்.

"நெகட்டிவ்மா. முடிஞ்சிருச்சு. இனிமே மாத்திரையே வேண்டாம்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பின்னால் குக்கர் விசில். அதற்கும் பின்னால், ஆறு மாதமாக நான் கேட்காத அந்தத் தமிழ்.

"யாருடீ போன்ல?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆபீஸ்லேர்ந்து மா" என்றாள் மகள்.