ஆறு சென்ட் இடமும் ஒரு சிவப்பு அரளியும்

உள்ளறையில் ஏதோ சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. ராசாத்தாள் பாதி எழுந்துவிட்டாள். ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் லோகப்பிரியா அங்கேதான் பத்திரம் எடுக்கப் போயிருந்தாள்.

"கண்ணு?"

"சொம்புதானுங்க அத்தை" என்று பதில் வந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தம்பிதுரை மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூலூருக்குப் பக்கத்திலிருக்கும் அந்தச் சின்ன ஊரின் சமுதாயக்கூடக் கமிட்டிக்குத் தலைவர். கட்டடச் செலவில் ஊர் ஒரு பங்கு போட்டால் அரசாங்கம் இரண்டு பங்கு போடும். ஆனால் இடம் ஊராட்சியின் பேரில் இருக்க வேண்டும். நாளை காலை பத்து மணிக்குப் பதிவு. பத்திர எழுத்தர் மூலப்பத்திரத்தை இன்றே கேட்டதால் வாங்கிப்போக வந்திருந்தார். ஆறு மாதமாகக் கோயமுத்தூருக்கு அலைந்ததில், கூடம் கட்டியாச்சுங்களா என்று பஸ் கண்டக்டரே கேட்கிறார் என்று சொல்லிச் சிரித்தார். ராசாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இடம் அவளுடையது. வீட்டை ஒட்டிய ஆறு சென்ட். பத்தொன்பது வயதில் பவானிப் பக்கமிருந்து வாழவந்தவள், முப்பது வருஷம் தறிக்குடோனில் நூல் சுற்றிச் சேர்த்த சொத்து அது ஒன்றுதான். அதை ஏன் கொடுக்கிறாய் என்று கேட்டால் ஓர் ஐப்பசி மழையைச் சொல்வாள். அப்போது வீடு ஒற்றை அறை. இறந்துபோன புருஷனைக் கிடத்த இடமில்லாமல் வீதியில் தார்ப்பாய் கட்டிக் கிடத்தினார்கள். தார்ப்பாய் தண்ணீர் தேங்கிக் கிழிந்தது. அவர் முகத்தில் விழுந்த தண்ணீரை முந்தானையால் ஒற்றி ஒற்றியே அவளுக்கு அழக்கூட நேரமில்லாமல் போயிற்று. அந்த நினைப்புதான் போன தை மாதம் ஊர்க்கூட்டத்தில் அவளை எழுந்து நிற்க வைத்தது.

வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆனாலும் மாரியம்மனிடம் பூ கேட்காமல் செய்ய மனசு வரவில்லை. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். எந்தப் பூ வந்தால் சரி என்பதைக் கேட்கிறவர் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளை வந்தால் கொடுப்பது என்று ராசாத்தாள் நினைத்துக்கொண்டாள். வாய் நிற்காமல் மருமகளிடம் மட்டும் அதைச் சொல்லியும் வைத்தாள்.

பூசாரி எடுத்துப் பிரித்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது.

ஊரே சுற்றி நின்றது. எல்லார் கண்ணும் அவள் முகத்தில். "சிவப்புத்தானுங்க நெனச்சேன்" என்று சொல்லிவிட்டாள்.

அம்மனே உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று நம்பித்தான் தறி ஓட்டுகிறவர்கள்கூட வாரக்கூலியில் பிடித்து ஊர்ப்பங்கைப் போட்டு முடித்தார்கள். லோகப்பிரியா மட்டும் அன்று தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமே, கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, அவள் உண்டாகியிருப்பது தெரிந்தது. திருப்பூர்க் கம்பெனியிலிருந்து மகன் சுரேந்தர் இனிப்போடு ஓடிவந்தான். ராசாத்தாள் அந்த இனிப்பைக் கையில் வாங்கியதோடு சரி. அன்று முதல் மருமகள் இருமினால் பயம், படியில் கால் வைத்தால் பயம். தான் செய்த பாவம் அந்தப் பிஞ்சின்மேல் விழுந்துவிட்டால்?

லோகப்பிரியா பத்திரத்தோடு வந்து அத்தையிடம் நீட்டினாள். ராசாத்தாளின் கை எழவில்லை.

"அண்ணா, நான் ஊருக்குப் பொய் சொல்லிப்போட்டேனுங்க" என்றாள். "அன்னைக்கு நான் நெனச்சது வெள்ளைப் பூ."

தம்பிதுரை பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அம்மன் வேண்டாம் என்ற இடத்தில் தன் கையால் கடப்பாரை போட முடியாது, அவரவர் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்.

"மாமா, உக்காருங்க." லோகப்பிரியா வாசலை மறித்து நின்றாள். "அத்தை எதுக்குப் பயப்படறாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. வயித்துல இருக்கறது எம்புள்ளை. எனக்கும் பயந்தான். ஆனா நாளைக்கு இந்த ஊர்ல ஒரு நல்லது கெட்டதுன்னா மறுபடியும் வீதியில தார்ப்பாய் கட்டறதுங்களா? அன்னைக்குத் தெரிஞ்சும் நான் வாயைத் தொறக்கலை. பொய்யில பாதி என்னுதுங்க."

தம்பிதுரை ராசாத்தாளைப் பார்த்தார். "நீங்க சொல்லோணும் அம்மணி."

அவள் கண்ணுக்குள் அந்தத் தார்ப்பாய் மறுபடி கிழிந்தது. மருமகள் கையிலிருந்து பத்திரத்தை வாங்கி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"போற வழியில அம்மன் காலடியில வெச்சு எடுத்துட்டுப் போறனுங்க" என்று அவர் அதைப் பைக்குள் வைத்தார். "எனக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க அம்மணி. நீங்க பூவைப் பத்திச் சொன்னது எதுவும் காதுல உழுகலை. காலைல பத்து மணி, மறந்துபோடாதீங்க. வாரனுங்க."

அவருடைய மொபெட் சத்தம் கோயில் பக்கமாகத் திரும்பித் தேய்ந்தது. லோகப்பிரியா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தத்துக்கே ராசாத்தாளின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது.